பகலற்ற மாதத்தில் ஒரு பச்சை

நவம்பர் கடைசியில் போட்ஸ்ஃபியூரைவிட்டு
சூரியன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடும்.
போன மறுநாள் எனக்குப்
பூத்தையல் வேலை வந்தது.

புதுப் படகொன்று பிப்ரவரியில் தண்ணீர் தொடுகிறது.
பெயர்சூட்டும் மேசைக்கு ஒரு லினன் விரிப்பு,
நடுவில் மலர்வளையம்.
"உன் கைதான் சுத்தமான கை, குன்வோர்" என்றார்கள்
நாளெல்லாம் காட் மீனைக் கீறும்
இந்தக் கையைப் பார்த்துக்கொண்டே.

நூல் இருந்தது.
வாட்ஸோவில் கடை மூடியபோது
நிறுத்து வாங்கிய நூல்.
எண் அச்சடித்த தாள்பட்டைகள் ஈரத்தில் கழன்று
பெட்டியடியில் கூழாகிக் கிடந்தன.

சமையலறை விளக்கு மஞ்சள்;
அதன்கீழ் ஊதா எல்லாம் பழுப்பு, வெள்ளை எல்லாம் வெண்ணெய்.
குளியலறை விளக்கு நீலம்;
அங்கே ரோஜா நிறம்கூடக் காய்ச்சலில் படுத்திருந்தது.
ஆலையின் வெட்டுமேசை விளக்குதான் நேர்மையானது,
மீன்சதைக்குள் ஒரு புழுவைக்கூட ஒளிக்காது.
ஆனால் இழை ஒன்று மீனில் விழுந்தால்
என் வேலை விழும்.

ஆகவே இடைவேளையில்
கதவுக் கண்ணாடிக்கு இப்பால் நின்று
உள்ளிருந்து வழிகிற வெளிச்சத்தில்
சிட்டங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

ஓட்வார் ஃபோர்க்லிஃப்டை நிறுத்தினான்.
சிவப்பும் பச்சையும் ஒன்றாய்த் தெரிகிற கண் அவனுக்கு.
"இரண்டு இலைக்கும் ஒரே நூலா?" என்றான்.
"ஒன்று பாசி, ஒன்று ஆப்பிள்."
"இருக்கலாம். இரண்டும் ஒரே எடை."

எடை.
அந்தச் சொல்லோடு
பனி நெறுநெறுக்க வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் ஒரு காலி மீன்பெட்டியைக் கவிழ்த்து
அவன் முன் எல்லாவற்றையும் கொட்டினேன்.
மிக லேசானதில் தொடங்கி மிகக் கனமானது வரை
கையுறையைக் கழற்றாமலே அடுக்கினான்.
சிவப்புக்குத் தோள்கொடுத்துப் பச்சை நின்றது,
கருநீலத்துக்குப் பக்கத்தில் காய்ந்த ரத்தம்.
இத்தனை வருஷம் தைத்த எனக்கு
இந்த வரிசை ஒருநாளும் தோன்றியதில்லை.
என் வளையங்கள் ஏன் எப்போதும்
நசுங்கிய மாவு போலத் தட்டையாக இருந்தன என்று
அப்போது தெரிந்தது.
கனத்தைக் கீழே வைத்தேன். லேசானதை மேலே.

தண்டுக்குக் காம்புத் தையல், இரட்டை இழை.
மோல்டேப் பூவின் ஐந்து வெள்ளை இதழுக்கு
சாட்டின் தையல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
நடுவில் முடிச்சுகள்:
ஊசியில் மூன்று சுற்றுச் சுற்றினால் மீன்முட்டையாய்ப் பருக்கிறது,
இரண்டு போதும்.
பருத்திப்புல்லுக்குத் தளர்ந்த கண்ணிகள், பிறகு கத்தரி.
இலைக்கு மீன்முள் தையல்.
பகலில் முள்ளெடுக்கிறவள்
ராத்திரியில் முள் வைத்தேன்,
இடமொன்று வலமொன்று,
சிரிப்பு வந்தது, தூக்கமும்.

மூன்று விரல் அகலம்
மூடாமல் விட்டேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
மலை முதுகில் நெருப்பு நகம் ஒன்று முளைத்தது.
பதினொரு நிமிடம்.
ஊரே வாயில் ஜாம் பன்னோடு தெருவில் நின்றது.
நான் தையல் வளையத்தோடு ஓடினேன்.

இடப்புறம் கீழே
பச்சையென்று சத்தியம் செய்து நான் வைத்த ஏழு இலைகள்
அப்பட்டமான நீலம்.

பிரித்தால் லினனில் துளை நிற்கும்.
"எடை சரிதான்" என்றான் ஓட்வார்,
உதட்டில் சர்க்கரைப் பொடி.
வெளிச்சம் போவதற்குள்
அதே நீலத்தில் நீளமாக ஓர் இழை அறுத்துக்
காதுமடலில் சுற்றிக்கொண்டேன்.
அன்றிரவு மூன்று விரல் இடைவெளியில்
இரண்டு நீல இலைகள்.
வேண்டுமென்றே.

படகு இறங்கிய நாள்.
கேக், காப்பி, பாதிரியாரின் நீண்ட ஜெபம்.
கப்பல்காரரின் மாமியார் கண்ணாடியை ஏற்றிக் குனிந்து
"நம்மூரில் எந்தப் பூவுக்கம்மா
நீல இலை?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள்
ஓட்வாரும் குனிந்தான்.
வெகுநேரம் பார்த்துவிட்டு,
நிஜமாகவே தெரியாமல் கேட்டான்:
"எது நீலம்?"