மறு ஆய்வு: ஜனவரி

முதலில் பொன்வால் என்று எழுதினேன்.
அடித்துவிட்டேன்.
பொன்வாலுக்கு மார்பெல்லாம் கருங்கீற்று,
மைப்பேனாவை உதறியதுபோல.
இதற்கு ஒரு துளிகூட இல்லை.
முதுகு, உப்புநீரில் ஊறிய ஆலிவ் காய்.
தலை சாம்பல்.
உச்சியில் சிவப்பு, ஆகவே ஆண்.
அடுத்த கிளைக்குத் தாவியபோது
இடுப்பிலும் ஒரு சிவப்பு தெரிந்து மூடிக்கொண்டது.

கார்க்லூஃப் காட்டோரம். அக்டோபர். மூடுபனி.
மின்கம்பம் நாற்பத்தேழிலிருந்து அறுபதுவரை
இன்றைக்கு என் கணக்கு.
இடுப்புயரத்தில் சுத்தியலால் தட்டிக்
காதைக் கொடுப்பேன்.
ணங் என்றால் நிற்கும்.
தொப் என்றால் உள்ளே உளுத்தாயிற்று.
பதினோரு வருடமாக இதற்குத்தான் சம்பளம்.

அதுவும் அதைத்தான் செய்கிறது,
சுத்தியலை முகத்திலேயே வைத்துக்கொண்டு.
இந்த வகை அதிகம் முரசு கொட்டாது.
பாசி படிந்த கிளையின் அடிவயிற்றில்
தலைகீழாய் ஊர்ந்து
இரண்டு தட்டு,
தலையைச் சாய்த்து ஒரு கேட்டல்,
மூன்றாம் தட்டில் புழு.

"இசிகோபமூத்தி" என்றான் சிபோனெலோ,
ஏணியைப் பிடித்தபடி.
நடுவில் அவன் நாக்கு ஒரு சொடுக்குப் போட்டது.
அதற்குத் தமிழில் எழுத்தில்லை.
பறவையிடம் இருக்கிறது.

சிக்கல் ஐம்பத்திரண்டில்.
கம்பம் ணங்.
பக்கத்தில் பட்டுப்போன மரமொன்று
கம்பியைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.
தட்டினேன். தொப்.
படிவத்தில் கட்டம் தயார்: வெட்டி அகற்றுக.
பேனாவை வைக்கும்போது
காகிதத்தில் உதிர்ந்தது ஈரமான மரத்தூள்.

மேலே, சாய்வின் கீழ்ப்பக்கம்,
மழை நுழையாத திசை பார்த்து
எலுமிச்சம்பழம் நுழையும் வட்டம்.
அதிலிருந்து எட்டிப் பார்த்தது
சிவப்பே இல்லாத சாம்பல் தலை,
அலகு நிறையத் தூளோடு.
உதறிவிட்டு உள்ளே போய்விட்டது.

"விழுந்தால்?" என்றான் சிபோனெலோ.
விழுந்தால் மூன்று பால் பண்ணை,
ஒரு பள்ளிக்கூடம் இருட்டும்.
எஃகுக் கயிறு போட்டு
மரத்தைப் பின்னுக்கு இழுத்துக் கட்டினோம்.
உள்ளங்கை தோலுரிந்தது.
மறு ஆய்வு: ஜனவரி, என்று எழுதினேன்.

அப்புறம்தான் பார்த்தோம்
ஒரு கிளை தள்ளி, மங்கலாய்,
தொண்டையில் செதில்செதிலாய்,
அசையாமல் இருந்த இன்னொன்றை.
தேன்காட்டி.
கூடு கட்டாது.
துளை முடியட்டும் என்று காத்திருந்து
முட்டையை உள்ளே விட்டுப் போகும்.
அதன் குஞ்சுக்குப் பிறக்கும்போதே
அலகில் கொக்கி.
அந்தக் கொக்கி எதற்கு என்று
சிபோனெலோவுக்குத் தெரியும்.
கல்லெடுத்தான்.

நான் படிவத்தின் அடியில்
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்:
கோகிலாம்பாள் மூட்லி.
அப்பா ஆசையாய் வைத்த குயிலின் பெயர்.

"போடாதே" என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை,
கல்லையும் உடனே கீழே போடவில்லை.

ஐம்பத்துமூன்று. ணங்.