முப்பத்தாறு கிராம்

தெமோதரை ஃபாக்டரியில் சாம்பிள் அறை என் பொறுப்பு.
பெரிய தராசு வெளியே, கொழுந்துக்கு.
அதில் ஈரமென்று சொல்லிக் கிலோக்கணக்கில் கழிப்பார்கள்.
என்னுடையது சின்னது.
ஒரு சிட்டிகைத் தூளுக்கும் கணக்குச் சொல்லும்.

மார்ச்சில் ஒரு காலை
ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்தது குண்டுகரிச்சான்.
கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை,
வழக்குத் தோற்ற அப்புக்காத்து மாதிரி மல்லாந்து.
ஏனென்று தெரியாது, தட்டில் வைத்தேன்.
முப்பத்தாறு.
"இந்தத் தொண்டைக்கு ஒரு கிலோவாவது இருக்குமென்று நெனச்சேன்"
என்றார் டிரையர் சிவனாண்டி.
சங்கு ஊதுமுன்னே
மூன்று லயத்தையும் எழுப்புவது இதுதானே.
ஒரு விரல் அசைந்தது. பிறகு
தட்டை உதைத்துவிட்டுச் சவுக்கு மரத்துக்கு.
தராசு சற்று நேரம்
சைபருக்குக் கீழே நின்றது.

அதே கிழமை
பசை அட்டையில் மூஞ்சூறு.
தேங்காயெண்ணெய் விட்டு விட்டு
ஒவ்வொரு காலாய்ப் பிரித்தேன்.
தெரிந்த ஒரே சொல்லைப் பல் தெரியக் கீச்சிட்டது.
தட்டில் வைத்தால் நிற்குமா!
முப்பத்து நான்கு, முப்பத்தொன்பது,
மூச்சு வாங்க ஒரு கணம்
முப்பத்தாறு.

மேட்டுப் பிள்ளையாரின் காலடியில்
இதற்குத் தினமும் பூ விழுகிறது.
இங்கே பசை.
கரிச்சானுக்குக் கோயில் இல்லை,
அட்டையும் இல்லை.

அன்று நைட் ஷிஃப்டில் பார்த்தோம்.
எண்ணெய் மினுங்கத் தாய் முன்னே,
அதன் பின்புறத்தைக் கவ்வி ஒரு குட்டி,
அதைக் கவ்வி இன்னொன்று, இன்னொன்று.
பதுளை ரயில் வளையத்தில்
தன் கடைசிப் பெட்டியைத் தானே பார்த்துத் திரும்புமே, அப்படி
சல்லடை மெஷினைச் சுற்றிப் போயின.
"அஞ்சு பெட்டி" என்றார் சிவனாண்டி.
மெஷின் சத்தத்தில் வாழ்ந்த மனிதர்,
அவர் குரல் இறங்கி அன்றுதான் கேட்டேன்.

பத்தாம் நாள் கொழும்பிலிருந்து கடிதம்:
பதினேழாம் திகதிப் பொதியில்
இனந்தெரியாத வாடை. காரணம் தருக.

விரல்களை முகர்ந்தேன். போயிருந்தது.
வெளியே கரிச்சான்
அதே கண்ணாடியில் அதே எதிரியைக் கண்டு
பாடித் தீர்த்துக்கொண்டிருந்தது.
அந்தப் பாட்டு எந்தப் பொதியிலும் ஒட்டவில்லை,
ஒருவரும் கடிதம் போடவில்லை.

காரணம் என்ற கட்டத்தில்
முப்பத்தாறு கிராம் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு,
ஈரம் என்று எழுதினேன்.