வரி போக

அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில்
பீப்பாய் உருட்டிய சவரிமுத்து
'நீலகிரி இடி' ஆனது
ஒரு நோட்டீஸ் அச்சடிக்கும் செலவில்.

பதினோரு வருடம் வீழ்த்தினான், விழுந்தான்.
காது இரண்டும்
அவித்த உருளைக்கிழங்காய்ப் போன பிறகு
கயிற்றுக்கு வெளியே வந்து
டிக்கெட் கிழித்தான்.

குன்னூர் மண்டிக்குப் பின்னால் கொட்டகை.
ருமேனிய ராட்சசன் என்று போட்டிருந்தவன்
வெலிங்டனில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுபவன்;
எத்தனை பலமாக அடி பட்டாலும்
தமிழில் கத்தக் கூடாது.
நான் முகமூடி.
வாரம் மூன்று தோல்வி,
தோல்விக்கு நாலு ரூபாய்.

மஞ்சு உள்ளே புகுந்து
பின்வரிசை கூச்சல் போட்டால்
"முன்னாடி இருக்கிறவனைக் கேட்டுக்கோ" என்பான்
மைக்கில்.

ஐப்பசியில் பர்லியார் பக்கம் மண் சரிந்தது.
கோயம்புத்தூர் ஆள் வரவில்லை.
கொட்டகை நிறைந்துவிட்டது.
வசூல் பெட்டியைப் பூட்டி
சாவியை ரெஜினாவிடம் எறிந்துவிட்டு
ஐம்பத்திரண்டு வயதில்
வேட்டியை அவிழ்த்தான்.
உள்ளே அந்தப் பழைய சிவப்பு ஜட்டி.
எத்தனை வருடமாய்
தினமும் போட்டுக்கொண்டு வந்தானோ.

மூன்றாம் சுற்றில் நான் விழவேண்டும்,
பேச்சு அப்படி.
இரண்டாவதிலேயே அவன் முழங்கால்
ஈர விறகு ஒடிகிற மாதிரி
ஒரு சத்தம் போட்டது.
நான் தொடக்கூட இல்லை.

"ஏமாத்து!" என்றது கூட்டம்.
"காசைத் திருப்பு!"
இத்தனை வருடத்தில்
ஒருமுறைகூட அவர்கள்
அப்படிக் கத்தியதில்லை.

மல்லாந்தபடியே கேட்டான்:
"எட்டணா டிக்கெட் எத்தனை போச்சு?"
கயிற்றுக்குக் கீழே குனிந்து
ரெஜினா ஒரு தொகை சொன்னாள்.

"வரி போகச் சொல்லு" என்றான்.