நாலெழுத்து

மாங்குளம் ஆசுபத்திரி, மூன்றாம் அறை.
டொக்டர் பிள்ளை குனிந்தபடி கேட்கிறா.
பீடி?
ஓம். பங்கரில் தொடங்கினது.
நாளுக்கு எத்தனை?
ஷெல் விழுகிற நாளுக்கு ஒரு கணக்கு,
விழாத நாளுக்கு ஒரு கணக்கு.
இருபது என்று போட்டா.

தொழில்?
போர்ட் எழுதுகிறது.
இப்ப சலூன், சைவக்கடை, வாடகைக்குக் கதிரை.
முதல் நாலு வருசம்
கண்ணிவெடி எடுக்கிற ஆக்களுக்கு:
சிவப்புப் பலகை, வெள்ளை மண்டையோடு,
கீழே அபாயம். மூன்று மொழியிலும்.
பெயின்ரைக் கழுவ மண்ணெண்ணெய்.
தூரிகை முனையை
உதட்டில் வைத்துத்தான் கூராக்குவன்.
அதற்குக் கீழே
ஒரு கோடு கீறினா.

வயது நாற்பத்தொன்பது.
அம்பத்தைஞ்சுக்குப் பிறகுதான் கூட, என்றா.
முந்திவிட்டேன் போல.

ரியூப் எவ்வளவு காலம்?

பதினாறு வருசம், பிள்ளை.
முதல் ரியூப் மாத்தளனில்,
பள்ளிக்கூட மேசையில் வைத்துப் போட்டது.
அடுத்தது கிடைக்குமட்டும்
அதையே கழுவிக் கழுவி.
பிறகு கிருமி, குலைப்பன், கல்லு,
திரும்பவும் கிருமி.
பேனை நின்றது.
நோவு இருக்கோ?
இடுப்புக்குக் கீழே
எனக்கு ஒரு செய்தியும் வாறதில்லை.
பையைப் பார்த்துத்தான் அறிகிறது.

என்ன நிறம்?
நிறம் கலக்கிறவனிட்டைக் கேட்டால்
சும்மா சிவப்பு என்று சொல்லேலுமோ?
முதல் நாள் பிளேன்ரீ.
செவ்வாய்க்கிழமை
கிரவல் றோட்டில் தேங்கின மழைத்தண்ணி.
நேற்று,
நான் பலகைக்கு அடிச்ச சிவப்புக்குக்
கொஞ்சம் கிட்ட.

இதெல்லாம் அபாயக் காரணிகள்தான் அண்ணை,
இருந்தால் வருத்தம் இருக்கு எண்டில்லை,
இல்லாட்டி வராது எண்டும் இல்லை.

இதை விளங்கப்படுத்த வேண்டாம், பிள்ளை.
நான் எழுதின பலகைக்குப் பின்னால்
எத்தனை காணி வெறுங்காணி.
நாயுருவி, வடலி,
ஒரு செருப்பு.
பிறகு கச்சான் போட்டார்கள், நல்லாய் விளைஞ்சுது.
பலகை இல்லாத வரம்பில்தான்
துரைராசசிங்கத்தின் நாம்பன் போனது.
பெரியப்பு அருளம்பலத்துக்கு எண்பத்திரண்டு,
சுருட்டு வாயை விட்டு இறங்கினதில்லை,
சைக்கிளில் கொக்காவில் மட்டும் போய் வாறார்.
ஆனாலும் பலகை நட்ட இடத்தில்
முழங்காலில் இருந்து
சாண் சாணாய்த் தடவத்தான் வேணும்.
அந்தப் பெட்டையள் தடவினதை
வெயிலுக்குள் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான்.

வவுனியாவுக்குக் கடிதம் தந்தா.
சலப்பைக்குள் கமரா விட்டுப் பார்ப்பினமாம்.
வெள்ளிக்கிழமை, வெறும் வயிறு.

கடிதம் இங்கிலிசில்.
இதில் அபாயம் எது பிள்ளை?
விரல் வைத்துக் காட்டினா.
நான் பலகையில் எழுதின இங்கிலிசுச் சொல் இல்லை,
அது ஆறெழுத்து.
இது நாலு.
தமிழிலும் நாலுதான், எண்ணிப் பார்த்தேன்.
எழுத்துத்தான் நல்லாய்ச் சின்னன்.
தூரத்தில் வாறவனுக்குத் தெரியாது.