பச்சைப் பெயின்ட்

எங்கள் பேட்டையின் பெயர் கிராஸி பார்க்.
புல் பூங்கா.
பெயர் வைத்தவர் குனிந்து
மணலைத் தொட்டிருக்க மாட்டார்.

கேப் டவுனின் குழாய்கள் எல்லாம் மூடப்போகும் நாளை
நகரமே விரல்விட்டு எண்ணிய கோடை அது.
தலைக்கு ஐம்பது லிட்டர்.
குளிக்கையில் காலடியில் வாளி,
வாளியில் விழுந்தது கழிப்பறைக்கு.
புல்லின் பங்கு என்று
ஒரு சொட்டும் இல்லை.

கஸாந்த் பெயின்டர்.
இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் சுவர்கள்.
ஒரு ஞாயிறு காலை
யாருடைய கேட்டுக்கோ அடித்து மிஞ்சிய டின்னைத் திறந்து
செத்த கிக்கூயூ புல்லின்மேல் ஸ்ப்ரே அடித்தான்.
ஓரம் பிசகாமல்,
நடைபாதைக்கு டேப் ஒட்டி.
"ஒரே கோட் போதும்" என்றான்.
தூரத்திலிருந்து நன்றாகத்தான் இருந்தது.
எதிர்வீட்டு ஃபோர்ட்டுயின்
நாங்கள் தண்ணீர் திருடுவதாக
நகராட்சிக்கு போன் போட்டார்.

நானும் சிரித்தேன்.
பிறகு அந்தப் பச்சை
என் பாதத்தில் ஒட்டிக்கொண்டு அடுப்படி வரை வந்தது.
கழுவத் தண்ணீர் இல்லை.

மே மாதம், முதல் மழைக்கு மறுநாள்,
அவன் வேலைக்குப் போனதும்
கடப்பாரையை எடுத்தேன்.
கிக்கூயூ வேர் முழங்கை ஆழம் ஓடுகிறது,
கடன்போல.
பிடுங்கியது பாதி. மீதிமேல்
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளை விரித்து
மரத்தூள் கொட்டினேன்.
அவன் திரும்பி வந்து பார்த்தான்.
ஒன்பது நாள் பேசவில்லை.
பத்தாம் நாள் பேசினான்: "பாம்பு வரும்."

இந்த மண்ணின் விதைகளுக்கு ஒரு பிடிவாதம்.
நெருப்பு வந்துபோய்விட்டது என்று
புகை சொன்னால்தான் நம்பும்.
சனிக்கிழமை அவன் முற்றத்தில்
கறி வாட்டும்போதெல்லாம்
காற்று போகும் பக்கம் பார்த்து
என் விதைத் தட்டுகளை நகர்த்தி வைத்தேன்.
"இங்கே என்ன?"
"ஒன்றுமில்லை, நீ திருப்பிப் போடு."
அவனுக்குத் தெரியாமல்
அவன் நெருப்பிலிருந்து முளைத்தவை
முப்பத்தொன்று.

எல்லாம் பிழைத்தன என்று சொன்னால் பொய்.
ஒரு புரோட்டியா, ஆசையாக வாங்கியது.
மெலிந்து தெரிகிறதே என்று உரம் போட்டேன்.
பட்டினியில் வளரப் பிறந்தது அது,
என் அன்பை உண்டு
மூன்றே வாரத்தில் கருகிற்று.
ரெஸ்டியோ நாணல்கள் நின்றன.
மணலைப் பிடித்துக்கொண்டு புளியத்தி படர்ந்தது.
மற்றவை ஒரு வருடம் முழுக்க வெறும் குச்சிகள்.
தபால்காரர் கூடக் கேட்டார்,
வேலி போடுகிறீர்களா என்று.

தென்கிழக்குக் காற்று குப்பைத்தொட்டிகளைத்
தெருவில் உருட்டிய இரண்டாம் கோடையில்
அந்தக் குச்சிகளுக்கு
ஒரு வாளியும் நான் சுமக்கவில்லை.
காட்டு ரோஸ்மேரி பஞ்சு வெடித்தபோது
ஒரு பெண் தேன்சிட்டு
தன் எடைக்கு மிஞ்சிய வெள்ளையை அலகில் கவ்வி
ஃபோர்ட்டுயின் வீட்டுக் கூரைக்குப் பறந்தது.
கூடு அவர் வீட்டில், மெத்தை எங்கள் வீட்டில்.
அவர் வந்து ஒரு கிளை வெட்டித் தரக் கேட்டார்.
போன் போட்டதைப் பற்றி
இருவருமே எதுவும் பேசவில்லை.

குளியல் தொட்டி சும்மா கிடந்தது.
வாளியில் குளித்துப் பழகியவர்களுக்கு அது எதற்கு?
குழி தோண்டி இறக்கினோம்.
ஆம், இறக்கினோம்.
ஒரு பக்கம் கஸாந்த் பிடித்தான்,
திட்டிக்கொண்டே.
விழுந்தது ஏறி வெளியேற
உள்ளே செங்கல் படிகளும் அவனே அடுக்கினான்,
மட்டம் பார்த்து.
குளிர்கால மழை அதை நிரப்பியது.

ஆகஸ்டில் ஓர் இரவு.
ஜன்னலில் மழை. அறையில் குறட்டை.
நீளமாக, ஈரமாக, விட்டுவிட்டு.
வழக்கம்போல் முழங்கையால் இடித்தேன்.
"நான் இல்லை" என்றான்.
விழித்துக்கொண்டுதான் இருந்தான்,
எவ்வளவு நேரமாகவோ.

டார்ச் அடித்தோம்.
தொட்டியின் மூன்றாம் படியில்
சிறுத்தைப்புள்ளி போட்ட தேரை ஒன்று,
உள்ளங்கை அகலம்,
முதுகு நடுவே ஒரு மஞ்சள் கோடு.
கஸாந்த் குனிந்து
நெடுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தான்.
"டேப் ஒட்டாமல்" என்றான்,
"எப்படி இவ்வளவு நேராக?"