பதினொரு வீதம்

"வாங்காதீங்க மிஸி" என்றார் வன்னியசிங்கம்,
கார்பரேற்றர் கழுவிய கையைத் துடைக்காமலே.
"பெற்றோல் வண்டி நிண்டா
ஒரு போத்தில் ஊத்தி எழுப்பலாம்.
இது நிண்டா நிண்டதுதான்.
மறுகா என்ன செய்வீங்க?"

அவர் சொன்னதில் பொய்யில்லை.
ஊத்துவதற்குப் போத்திலே கிடைக்காத வருடத்தில்
களுவாஞ்சிக்குடி செட்டில்
அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்,
இரண்டு பகல், ஓர் இரவு.
ஐந்தாம் நாள் பார்க்கவேண்டிய பிள்ளையை
ஒன்பதாம் நாள் பார்த்தேன்.
கண்வெள்ளை வரைக்கும் மஞ்சள்.
பிள்ளை தப்பிவிட்டது.
அந்த நான்கு நாட்கள்
என் கொப்பியில் இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன.

வாங்கினேன்.
முதல் இரவு விறாந்தையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு
மூன்று தரம் ஒழும்பிப் போய்
மோந்து பார்த்தேன்,
தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல.
இளஞ்சூடு. அவ்வளவுதான்.
இவர் புரண்டு படுத்து
"பெனடோல் குடுங்க" என்றார்.

குருமண்வெளித் துறையில்
பாதைக்குக் காத்து நின்றேன்.
(எங்கள் பக்கம் பாதை என்றால் மிதப்பது.)
வண்டியை ஓரத்தில் விட
கோணாமலை விடவில்லை.
"ஆத்துக்குள்ள விழுந்தா
மீனெல்லாம் செத்து மிதக்குமாமே?"
நடுவில் நிறுத்தி, கயிற்றால் கட்டி,
கையைப் பட்டென்று இழுத்துக்கொண்டார்.

மார்கழியில் தும்பங்கேணி மதகுக்கு மேலால்
கணுக்கால் தண்ணீர்.
கண்ணை மூடாத குறையாக இறக்கினேன்.
கரண்ட் அடிக்கவில்லை.
அட்டைதான் கடித்தது.

பிறகு அந்த நாள் வந்தது.
திக்கோடை வீதியில், பின்னேரம்,
யானை இறங்குகிற நேரம்,
காலையில் சார்ஜ் போட மறந்த வண்டியில்
பதினொரு வீதம்.
வயல் தெரியவில்லை, குழி தெரியவில்லை,
எண் மட்டும் தெரிந்தது.
ஒன்பது. ஏழு.
எதிர்காற்றில் ஐந்து.
பற்றைக்குள் கறுப்பாய் நின்றது
கறுப்பான பற்றைதான்.
இரண்டில் வண்டி
பெருமூச்சுக்கூட விடாமல் நின்றது.

நின்றா நின்றதுதான்.
இறங்கித் தள்ளினேன்.
எத்தனையோ இரவு நினைத்துப் பயந்த இடம்
இதுவா, இவ்வளவா என்று
கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.
கால் கிலோமீற்றர்.
செருப்பு வார் ஒன்று அறுந்தது.

துஜிதாவின் வீட்டில் ஒரேயொரு பிளக்.
கடைசி ஓவர் போய்க்கொண்டிருந்தது.
அவள் புருசன் என்னைப் பார்த்தான்,
வண்டியைப் பார்த்தான்,
ரீவியைப் பார்த்தான்.
பிடுங்கினான்.

ஜன்னலால் வயர் இழுத்து
முற்றத்தில் வண்டி குடித்தது.
உள்ளே ஐந்து நாள் பிள்ளை குடித்தது.
துஜிதா அழுதாள்.
"பால் காணுதா இல்லையா என்று
எப்பிடி மிஸி தெரியும்?
எந்த நேரமும் அந்தப் பயம்தான்."

எத்தனை பேருக்கோ சொன்னதைச் சொன்னேன்:
முலையில் அளவுக்கோடு இல்லை, தங்கச்சி.
பிள்ளை நனைக்கிற துணியை எண்ணு,
தூக்கத்தைப் பார், நிறையைப் பார்.
ஒவ்வொரு நிமிசமும் பார்த்தால்
பால் கூடாது,
உன் பயம்தான் கூடும்.

சொல்லி முடிக்கும்போது
ஜன்னலுக்கு வெளியே
வண்டியின் பச்சை லைற்
மினுங்கி மினுங்கி என்னைப் பார்த்தது.
நான் தராசை உறையில் போட்டேன்.

முப்பத்தொன்றில் புறப்பட்டேன்.
கரண்டுக்கு நீட்டிய காசை வாங்காமல்
ஒரு சீப்பு வாழைப்பழம் கொழுவிவிட்டான்.
கோணாமலை கடைசிப் பாதையைப்
பிடித்து வைத்திருந்தார்,
எனக்காக இல்லையாம்,
மழைக்காலாக இருந்ததாம்.

மறுநாள் அந்த எண்ணின்மேல்
பிளாஸ்ரர் ஒட்டினேன்.
ஒரு கிழமையில் உரித்தும் விட்டேன்.
தெரியாமல் ஓடுவதும் சரியில்லை.

மூன்றாம் வருடம் பற்றரி மாற்றுகிற பயம்
இன்னும் இருக்கிறது.
அதற்கென்று தபால்கந்தோர்ப் புத்தகத்தில்
சம்பளத்தன்று கொஞ்சம் போடுகிறேன்.
வரிசையில் எனக்கு முன்னால் வன்னியசிங்கம்.
"எவ்வளவு தூரம் ஓடும்?" என்கிறார்,
குரலைத் தாழ்த்தி.