மூன்றாம் மாடித் தண்ணீர்

அக்னி நட்சத்திரம் பிறந்த இரண்டாம் நாள்
என் அறைக்குள் பனி பிடித்தது.
கொட்டிவாக்கத்தில், மூன்றாம் மாடியில்,
ஏசியின் வயிற்றுக்குள் விரற்கடை கனத்துக்கு
வெள்ளை வெளேரென்று பனி.
குளிர் மட்டும் இல்லை.

லாசர் வந்தார். எண்ணூர்க்காரர்.
மூடியைக் கழற்றியவர்
முதலில் முகர்ந்துதான் பார்த்தார்.
"போன வாரம் மீன் வறுத்தீங்களா?"
வறுத்தேன். தடைக்கால விலையில் வஞ்சிரம்,
இரண்டே துண்டு.
ஃபில்டரில் அது இன்னும் இருந்தது,
என் தலைமுடியோடும், சாம்பிராணிப் புகையோடும்,
பக்கத்து மனையில் இடிக்கிற வீட்டின் சுண்ணாம்போடும் சேர்ந்து
சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளியாக.

நான் இரவெல்லாம் அமெரிக்க நோய்களுக்கு
எண் போடுகிறவள். பகலில் உறங்குகிறவள்.
இடுப்பு முறிந்தால் ஓர் எண், பூனை கடித்தால் ஓர் எண்.
மிகையாக வியர்ப்பதற்கும் உண்டு.
சென்னைக்கு இல்லை.

"போன வருஷம் வந்தவன் கேஸ் அடிச்சான்" என்றேன்.
"அதுக்கு முந்தின வருஷமும்."
லாசர் வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்தார்.
"கேஸ் என்ன அரிசியாக்கா, தின்னு தீர?
குறையுதுன்னா எங்கேயோ போகுது."

வெளிச்சுவரில் கடலைப் பார்த்தபடி அவுட்டோர்.
ஆறு வருஷம் உப்புக்காற்றை வாங்கி வாங்கி
அலுமினியத் தகடுகள்
விரல் பட்டால் அப்பளம்.
நைட்ரஜன் ஏற்றி
குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவி
காத்திருந்தோம்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு ஒரு குமிழி,
குழந்தை எச்சில் ஊதுவதுபோல்
பெரிதாகி, பெரிதாகி, உடைந்தது.
இரண்டு வருஷக் காசு
அந்த ஊசித்துளை வழியாக.

பற்றவைத்தார். வாக்குவம் பம்ப்பை மாட்டி
முக்கால் மணி நேரம் ஓடவிட்டார்.
"காத்தைவிட அதுல இருக்கிற ஈரம்தான் மோசம்.
இந்த ஊர்ல அவசரப்பட்டா மறுபடி வரணும்."
டீ கொடுத்தேன். சர்க்கரை வேண்டாமென்றார்.
அதற்கான எண் எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

கடைசியாக வடிகுழாய், பாதி அடைத்திருந்தது.
ஊதித் தள்ளியதும்
ஒரு சாண் நீளத்துக்குப் பாசி வந்து விழுந்தது,
நுங்கின் வழுவழுப்பில்.
காற்றில் தொங்கிய நுனியை
ஒரு வாளிக்குள் இறக்கிக் கட்டினார்.
அதுவரை அந்தத் தண்ணீர்
தில்ஷாத் வீட்டுத் தகரத்தில்தான் சொட்டிக்கொண்டிருந்தது.
இரண்டாம் மாடி. தையல்காரி.
இரண்டு வருஷத்தில் ஐந்து முறை
படியேறி வந்து சண்டை போட்டவள்.
"தலைக்குள்ள ஆணி அடிக்கிறீங்க" என்பாள்.

ஆறாவது முறை அவள் வந்தது
லாசர் போன மூன்றாம் நாள்.
"ஊருக்குப் போயிட்டீங்களோன்னு பாக்க வந்தேன்.
சத்தத்தையே காணோம்.
மத்தியானம் தையலே ஓடல."

வாளியைக் காட்டினேன். ஒரே பகலில் முக்கால்.
எவ்வளவு என் மூச்சு, எவ்வளவு வங்காள விரிகுடா
என்று பிரிக்க முடியாத தண்ணீர்.
அவள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.
"உப்பே இல்லையே!
போர் தண்ணி ஊத்தி ஊத்தி
என் இஸ்திரிப் பெட்டி அடைச்சுக் கிடக்கு.
இதைத் தர்றீங்களா?"

இப்போது மாலைகளில் கயிறு கட்டி வாளி இறங்குகிறது.
கொஞ்ச நேரத்தில் கீழிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம்.
யாருடைய கல்யாண ரவிக்கையிலோ
என் தூக்கத்தின் ஈரம்
சுருக்கம் நீக்குகிறது.
அப்புறம் சன்னல் வழியே வெளியேறி
எங்கே போகும் அந்த ஆவி?
மேலேதான்.

மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவச் சொல்லியிருக்கிறார் லாசர்.
இந்த மாதம் இன்னும் கழுவவில்லை.
தடைக்காலம் முடிந்துவிட்டது.
வஞ்சிரம் விலை இறங்கியிருக்கிறது.